வரலாறு எங்கே செல்கிறது? மேலை மெய்யியலும் பாராமகால் கற்களும்



தென்பெண்ணையாற்றின் நெடுங்கல் அணைக்கட்டிலிருந்து கால்வாய் வழியே நீர் பெறுவது பாரூர்ப் பெரிய ஏரி. அதன் பாசனத்தில் நெல்லும் தென்னையும் தழைக்கின்றன. அங்கிருந்து வடமேற்கே கிருஷ்ணகிரியைக் கடந்து ஒசூர் வரை சென்றால் காட்சி மாறிவிடுகிறது. ஆலைகள், சரக்கு வண்டிகள், மூன்று மொழிப் பெயர்ப்பலகைகள், பணி நேரம் மாறும்போது சாலையை நிறைக்கும் தொழிலாளர் கூட்டம். இந்த மாற்றத்திற்கு ஒரு தொடக்கம் உண்டு. பின்தங்கிய பகுதிகளில் தொழில் வளர்க்கும் நோக்குடன் 1971ஆம் ஆண்டு சிப்காட் நிறுவனம் அமைக்கப்பெற்றது. அதன் தொடக்ககாலத் தொழில் வளாகங்களுள் ஒன்று ஒசூரில் எழுந்தது.

'பின்தங்கிய' என்னும் சொல்லைச் சற்றே நிறுத்திப் பார்க்க வேண்டும். யாருக்குப் பின்னால்? எந்தப் பாதையில்? ஒருவர் பின்தங்கினார் என்று சொல்வதற்கு, எல்லாரும் ஒரே பாதையில் ஒரே ஊரை நோக்கி நடக்கிறார்கள் என்னும் நம்பிக்கை முதலில் வேண்டும். வயலும் ஏரியும் வைத்திருந்தவர்கள் தங்களைப் பின்தங்கியவர்கள் என்று தாங்களாகவே அழைத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். அந்தச் சொல் அரசாணைக்குள் வந்து சேர்வதற்கு முன் நெடுந்தூரம் பயணம் செய்திருக்கிறது. அதன் பிறப்பிடம் ஐரோப்பாவின் வரலாற்று மெய்யியல்.

கி.பி. 410இல் அலாரிக் என்பவன் தலைமையில் வந்த கோத்தியர் ரோம் நகரைச் சூறையாடினர். என்றும் அழியாது என நம்பப்பட்ட நகரம் மூன்று நாள் கொள்ளையில் சிதைந்தது. பழைய தெய்வங்களைக் கைவிட்டதே காரணம் என்று மக்கள் புலம்பினர். வட ஆப்பிரிக்காவின் இப்போ நகர ஆயராக இருந்த அகஸ்டின் அதற்கு மறுமொழியாக 413 முதல் 426 வரை 'கடவுளின் நகரம்' என்னும் பெருநூலை எழுதினார். கிரேக்கச் சிந்தனையில் காலம் சக்கரம் போலச் சுழன்றது. அகஸ்டின் அந்தச் சக்கரத்தை மறுத்தார். கிறிஸ்து ஒருமுறைதான் இறந்தார், அந்த நிகழ்வு திரும்ப நிகழாது. ஆகவே காலத்திற்குத் தொடக்கமும் முடிவும் உண்டு, நடுவில் ஒரு நேர்க்கோடு உண்டு என்பது அவருடைய வாதம். மேலைநாட்டார் காலத்தைப் பற்றிப் பின்னர் எண்ணியவற்றுள் பெரும்பகுதி இந்தக் கோட்டின் மீதே எழுந்தது.

பதினெட்டாம் நூற்றாண்டில் அந்தக் கோட்டிலிருந்து கடவுள் மெல்ல விலக்கப்பட்டார். கோடு மட்டும் நின்றது. 'வரலாற்று மெய்யியல்' என்னும் தொடரை 1765இல் ஒரு நூலுக்குத் தலைப்பாக்கியவர் பிரான்சின் வோல்தேர். மறுமையில் வரவேண்டிய வீடுபேறு இம்மையில் வரப்போகும் முன்னேற்றமாக மாறியது. இந்நம்பிக்கையின் மிக உருக்கமான சான்று கொந்தோர்சே. பிரெஞ்சுப் புரட்சியை ஆதரித்த இக்கணித அறிஞர், அதே புரட்சியின் ஆட்சியாளரால் தேடப்பட்டு 1793இல் பாரிசில் ஒரு வீட்டில் ஒளிந்திருந்தார். அந்த மறைவிடத்தில் இருந்தபடியே மனித அறிவு படிப்படியாக முன்னேறி வருவதைப் பற்றிய நூலை எழுதினார். 1794 மார்ச்சில் சிறையில் இறந்தார். நூல் அடுத்த ஆண்டு வெளிவந்தது. தம்மைத் தின்னவந்த வரலாற்றின் மீது அவர் இறுதிவரை நம்பிக்கை வைத்திருந்தார் என்பதை எள்ளி நகையாடவும் இயலவில்லை, ஏற்றுக்கொள்ளவும் இயலவில்லை.

இம்மானுவேல் காண்ட் 1784இல் எழுதிய சிறு கட்டுரை இன்னும் நேர்மையானது. முன் தலைமுறையினர் பாடுபட்டு ஒரு மாளிகையைக் கட்டிக்கொண்டே போகிறார்கள். அதில் குடியேறும் பேறு கடைசித் தலைமுறைக்கு மட்டுமே கிடைக்கும். இது விளங்காத புதிர்தான் என்று காண்ட் தாமே ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டு மேலே சென்றார். அவருக்குப் பின் வந்தவர்களுள் பலர் அந்தப் புதிரைப் புதிராகவே கருதவில்லை.

அவர்களுள் தலையாயவர் ஹெகல். பெர்லின் பல்கலைக்கழகத்தில் 1822 முதல் அவர் உலக வரலாற்றின் மெய்யியல் குறித்துப் பலமுறை தொடர் விரிவுரை ஆற்றினார். 1831இல் அவர் மறைந்தபின், 1837இல் அவ்வுரைகள் நூலாயின. வரலாறு என்பது விடுதலை உணர்வின் வளர்ச்சி என்றார் ஹெகல். கீழை நாடுகளில் ஒருவன் மட்டுமே தன்னை விடுதலை பெற்றவனாக அறிந்தான்; கிரேக்கத்திலும் ரோமிலும் சிலர் அறிந்தனர்; ஐரோப்பாவில்தான் மனிதன் மனிதனாக இருப்பதனாலேயே விடுதலைக்குரியவன் என்பது உணரப்பட்டது. கதிரவன் போல வரலாறும் கிழக்கே தோன்றி மேற்கே நிறைவடைகிறது. இந்தியாவிற்கு அவர் ஒதுக்கிய இடம் விந்தையானது. இலக்கியம் உண்டு, மெய்யியல் உண்டு, கணிதம் உண்டு. வரலாறு மட்டும் இல்லை. இந்திய மனம் கனவில் மிதப்பது, நிகழ்ந்ததை நிகழ்ந்தபடி பிடித்துவைக்க அதனால் இயலாது என்பது அவர் முடிபு. ஹெகல் இந்தியாவைப் பற்றி எதுவும் படியாதவர் அல்லர். பகவத்கீதை குறித்து ஹம்போல்ட் எழுதிய ஆய்வுக்கு 1827இல் நீண்டதொரு மதிப்புரை எழுதியவர் அவர். படித்தும் அம்முடிவுக்கு வந்தார் என்பதே கவனத்திற்குரியது. படித்தவற்றை வைப்பதற்கான பெட்டி முன்பே செய்யப்பட்டிருந்தது.

இங்கிலாந்தில் ஜேம்ஸ் மில்லுக்குப் பெட்டிகூடத் தேவைப்படவில்லை. 1817இல் அவர் வெளியிட்ட 'பிரித்தானிய இந்தியாவின் வரலாறு' இந்தியாவிற்கு ஒருமுறையும் வராமல், இந்திய மொழி எதுவும் அறியாமல் எழுதப்பட்டது. அக்குறையையே அவர் முன்னுரையில் தகுதியாகக் காட்டினார். நேரில் கண்டவன் சிறுசிறு செய்திகளில் மயங்குவான். தொலைவில் இருப்பவனே முழுமையை எடைபோட வல்லவன் என்பது அவர் வாதம். நாகரிகங்களை ஒரு ஏணியில் ஏற்றி இறக்கும் அந்நூல், இந்தியாவை ஆள வரவிருந்த இளம் அதிகாரிகளுக்கு ஹெய்லிபரிக் கல்லூரியில் பாடமாயிற்று. இந்தியரின் கால எண்ணிக்கைகளை மில் கட்டுக்கதைகள் என்று ஒதுக்கினார். இந்து, முகமதியர், ஆங்கிலேயர் என இந்திய வரலாற்றை மூன்றாகப் பகுக்கும் பழக்கம் பள்ளிப் பாடநூல்களில் நெடுங்காலம் நிலைத்ததற்கு இந்நூலும் ஒரு காரணம். அப்பகுப்பில் சமணத்திற்கென்று இடமே கிடையாது என்பதை இந்த அவையில் நினைவூட்டத் தேவையில்லை.

ஹெகலை மறுத்து எழுந்த கார்ல் மார்க்ஸும் இதில் அவருக்கு மாணவரே. 1853இல் நியூயார்க் நாளிதழ் ஒன்றில் எழுதிய கட்டுரைகளில், இந்தியச் சமுதாயத்திற்கென வரலாறு இல்லை, அடுத்தடுத்து வந்த படையெடுப்பாளரின் வரலாறே உண்டு என்றார். இங்கிலாந்து செய்த கொடுமைகளை அவர் மறைக்கவில்லை. ஆயினும் தன்னை அறியாமலேயே அது வரலாற்றின் கருவியாகப் பணியாற்றுகிறது என்று எழுதினார். பின்னாளில், 1870களின் இறுதியில், இந்திய நிலவுடைமை குறித்த நூல்களைப் படித்து அவர் எடுத்த குறிப்புகளில் தொனி மாறியிருக்கிறது. உலகம் படித்தது என்னவோ முந்தைய கட்டுரைகளைத்தான்.

இனி பாராமகாலுக்கு வரலாம். மூன்றாம் மைசூர்ப் போரின் முடிவில், 1792ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தானிடமிருந்து கும்பினியார் பெற்ற நிலங்களுள் இன்றைய கிருஷ்ணகிரிப் பகுதி ஒன்று. அதனை நிருவகிக்க அலெக்சாண்டர் ரீடு அமர்த்தப்பட்டார். அவருக்குத் துணையாக வந்தவர்களுள் ஒருவர் கிளாஸ்கோவில் பிறந்த தாமஸ் மன்றோ. ஏழாண்டுக் காலம் அவர் இப்பகுதியில் ஊர் ஊராகச் சென்று நிலங்களை அளந்து, உழவரோடு பேசி, வரி குறித்தார். ரயத்துவாரி முறை கருக்கொண்டது இந்த மண்ணில்தான். அந்நாளைய எழுத்துகள் பின்னர்ப் 'பாராமகால் ஆவணங்கள்' என்ற பெயரில் அச்சேறின. மன்றோ அந்நிய ஆட்சியின் ஊழியர், வரி வாங்க வந்தவர், அதில் ஐயமில்லை. ஆனால் மில் ஏணி கட்டுவதற்குச் சில ஆண்டுகள் முன்பே, 1813இல் பிரித்தானிய நாடாளுமன்றக் குழுவின் முன் சான்றளித்தபோது, நாகரிகம் என்பது இரு நாடுகளுக்கிடையே வணிகப்பொருளாக ஆகுமானால் இந்தியாவிலிருந்து வரும் சரக்கினால் இங்கிலாந்தே ஆதாயம் அடையும் என்று அவர் கூறினார். பாராமகாலின் வயல் வரப்புகளில் நடந்தவருக்கும் இலண்டனில் இருந்தபடி எழுதியவருக்கும் இடையே இருந்த வேறுபாடு அது.

மன்றோவின் காலத்தவரே காலின் மெக்கன்சி. திப்புவின் வீழ்ச்சிக்குப் பின் மைசூர் நாட்டை அளக்கும் பணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. நிலத்தோடு அவர் நினைவையும் அளந்தார். கல்வெட்டுகளைப் படியெடுக்கவும், ஓலைச்சுவடிகளைத் திரட்டவும், ஊர்ப் பெரியவர் சொல்லும் வரலாற்றை எழுதவும் இந்திய உதவியாளர்களை நாடெங்கும் அனுப்பினார். 1816இல் தாமஸ் ஹிக்கி தீட்டிய அவரது ஓவியம் இலண்டனில் உள்ளது. செந்நிற மேலங்கி அணிந்த அதிகாரியைச் சூழ மூன்று இந்தியர் நிற்கின்றனர். அவர்களுள் ஓலைச்சுவடி ஏந்தியவர் தர்மய்யா என்னும் சமணப் பண்டிதர். தொலைவில் குன்றின் மீது கோமடேசுவரரின் உருவம் தெரிகிறது. மெக்கன்சி 1821இல் இறந்தபோது எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுப் படிகள் அவருடைய தொகுப்பில் இருந்தன. அடுத்த ஆண்டு ஹெகல் பெர்லினில் தம் விரிவுரையைத் தொடங்கினார். வரலாறு இல்லாத நாடு என்று அங்கே ஒரு குரல் ஒலித்துக்கொண்டிருந்த நாள்களில், அந்த நாட்டின் எட்டாயிரம் கல்வெட்டுகள் கல்கத்தாவில் பட்டியலுக்குக் காத்திருந்தன. பட்டியல் 1828இல் வந்தது.

அக்கற்களும் சுவடிகளும் சொல்வது என்ன? சமணர் பங்களிப்பை மட்டும் எடுத்துக்கொண்டாலும் மூன்று சான்றுகள் போதும்.

சர்வநந்தி என்னும் முனிவர் பாடலிகை எனப்பட்ட திருப்பாதிரிப்புலியூரில் 'லோகவிபாகம்' என்னும் நூலைப் பிராகிருதத்தில் இயற்றினார். அதன் வடமொழி வடிவமே இன்று கிடைக்கிறது. நூல் பேசுவது அண்ட அமைப்பு: தீவுகள், கடல்கள், மேலுலகங்கள், கீழுலகங்கள். மில் கண்டிருந்தால் பக்கத்திற்குப் பக்கம் நகைத்திருப்பார். ஆனால் நூலின் முடிவில், இது சக ஆண்டு 380இல், காஞ்சி மன்னன் சிம்மவர்மனின் 22ஆம் ஆட்சியாண்டில் நிறைவுற்றது என்று குறிக்கப்பட்டிருக்கிறது. அதாவது கி.பி. 458. முற்காலப் பல்லவர் வரிசையை ஆராய்ந்தவர்கள் இருட்டில் தடவிக்கொண்டிருந்தபோது கையில் அகப்பட்ட உறுதியான தூண் இதுவே. கற்பனை உலகங்களை அளந்த அதே கை, தான் அமர்ந்திருந்த ஊரையும் ஆண்டையும் பிசகின்றி எழுதிவைத்தது.

இரண்டாவது, வட கருநாடகத்தின் ஐகொளெயில் உள்ள மேகுடி ஜினாலயக் கல்வெட்டு. இரண்டாம் புலிகேசியின் புகழைப் பாடியவர் இரவிகீர்த்தி என்னும் சமணக் கவி. பாரதப் போருக்குப்பின் 3735 ஆண்டுகள் என்றும், சக ஆண்டு 556 என்றும் இரு கணக்கில் காலத்தைக் குறித்தார். கி.பி. 634 எனத் தெளிவாக விளங்குகிறது. தம் கவித்திறனுக்கு ஒப்புமை சொல்லக் காளிதாசரையும் பாரவியையும் அவர் பெயர் கூறியதனால், அவ்விருவரும் அவ்வாண்டிற்கு முற்பட்டவர் என்பதும் உறுதியாயிற்று. தற்புகழ்ச்சியும் சில நேரங்களில் வரலாற்றுக்கு உதவுகிறது.

மூன்றாவது அண்டை ஊருக்கு உரியது. தகடூர், அதாவது இன்றைய தருமபுரியில், சக ஆண்டு 815க்கு உரிய, கி.பி. 893இல் பொறிக்கப்பட்ட கன்னடக் கல்வெட்டு உண்டு. நுளம்ப மன்னன் மகேந்திரன் காலத்தது. நிதியண்ணன், சண்டியண்ணன் என்னும் வணிக உடன்பிறந்தார் இருவர் தகடூரில் சமணப் பள்ளி ஒன்றை எழுப்பினர். மன்னனிடம் பெற்ற மூலப்பள்ளி என்னும் ஊரை நிதியண்ணன் அப்பள்ளியின் பழுது நீக்கவும் வழிபாட்டிற்கும் என்று கனகசேன சித்தாந்த படாரரிடம் ஒப்படைத்தான். தமிழகத்து ஊர், கன்னட மொழி, நுளம்ப மன்னன், சமணப் பள்ளி. இன்று ஒசூர்ச் சந்தையில் கேட்கும் மொழிக்கலப்பு தொழிற்சாலைகளோடு வந்தது என்று நினைப்பவர் இக்கல்லை ஒருமுறை எண்ணிப்பார்ப்பது நலம்.

ஆகவே ஹெகல் தவறினார் என்று சொல்லி மகிழ்ந்து அமர்ந்துவிடலாமா? கூடாது. ஆண்டு குறிப்பது வரலாற்றின் தொடக்கம் மட்டுமே. எழுதியவர் யார், எந்த இடத்தில் நின்று எழுதினார் என்னும் வினா எஞ்சி நிற்கிறது. இரவிகீர்த்தியின் கல்வெட்டையே எடுத்துக்கொள்ளலாம். புலிகேசியின் படை எழுப்பிய புழுதியில் ஒளி மங்கிய பல்லவ மன்னன் காஞ்சியின் மதிலுக்குப் பின்னே மறைந்தான் என்கிறார் அவர். அம்மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் என்பது ஆய்வாளர் கருத்து. ஆனால் பிற்காலப் பல்லவரின் காசாக்குடிச் செப்பேடு, அதே மகேந்திரவர்மன் புள்ளலூரில் பகைவரை வென்றான் என்று பாடுகிறது. ஒருவர் எழுத்தில் ஒளிந்தவன், மற்றவர் எழுத்தில் வென்றவன்.

மூன்றாவது சாட்சி ஒன்று உண்டு. கிருஷ்ணகிரி, தருமபுரி, செங்கம் பகுதிகள் நடுகற்களுக்குப் பெயர் பெற்றவை. செங்கத்தை அடுத்த எடுத்தனூரில் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டுக்குரிய நடுகல் ஒன்று நிற்கிறது. தொறு மீட்கும் பூசலில் கருந்தேவக்கத்தி என்பவன் இறந்தான். அவனுடைய நாய் கோவிவன் கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது. வீரனோடு நாயின் உருவமும் கல்லில் செதுக்கப்பட்டுள்ளது. பேரரசர் இருவரின் போர்களைப் பற்றி அக்கல்லுக்கு அக்கறை இல்லை. மகேந்திரவர்மன் அதற்கு ஒரு கால அடையாளம் மட்டுமே. அந்த ஊருக்கு அந்த ஆண்டு நிகழ்ந்த வரலாறு மாடுகளும் ஒரு மனிதனும் ஒரு நாயும்.

இம்மூன்றில் எது உண்மை? ஜெர்மானிய அறிஞர் ராங்கே இருந்திருந்தால், மூன்றையும் உரைத்துப் பார்த்து எழுதியவரின் சார்பைக் களைந்து எஞ்சுவதைக் கொள்க என்றிருப்பார். அது நல்ல முறை. வரலாற்றுத் துறை அவருக்குக் கடன்பட்டிருக்கிறது. சமண அளவைநூலார் அதைவிடப் பழையதொரு முறையை வைத்திருந்தனர். ஒரு பொருளைப் பற்றி ஒரு கோணத்தில் நின்று சொல்லும் கூற்று நயம். அது உண்மையின் ஒரு பக்கம். அப்பக்கத்தைச் சொல்லிவிட்டு மற்றப் பக்கங்களுக்கு இடம் விடும்வரை அது நயமாகவே இருக்கும். தன் பக்கமே முழுப்பொருள் என்று அது வற்புறுத்தத் தொடங்கும் நொடியில் துர்நயமாகிவிடுகிறது. அகஸ்டினின் கோடு ஒரு நயம். விடுதலை உணர்வு வளர்ந்த கதை என்று ஐரோப்பாவைக் கண்ட ஹெகலின் பார்வையும் ஒரு நயமே. அடிமை முறையை எதிர்த்தவர்களுக்கு அப்பார்வை வலிமை தந்தது என்பதை மறுக்கலாகாது. உலகம் முழுவதையும் அந்த ஒரு கோட்டில் நிறுத்தி, வராதவர்களுக்கு வரலாறு இல்லை என்று அவர் கூறியபோது அது துர்நயமாயிற்று.

இதே அளவுகோலைச் சமண மரபின் மீதும் வைத்தாக வேண்டும். இல்லையேல் அநேகாந்தம் பிறரை அடிக்கும் கோலாகிவிடும். ஆகமங்களின்படி காலம் பன்னிரண்டு ஆரங்கள் கொண்ட சக்கரம். ஏறுமுகமான உற்சர்ப்பிணியில் ஆறு, இறங்குமுகமான அவசர்ப்பிணியில் ஆறு. இப்போது நடப்பது அவசர்ப்பிணியின் ஐந்தாவது ஆரமாகிய துஷமா. 21,000 ஆண்டுகள் நீள்வது. பகவான் மகாவீரர் வீடுபேறடைந்து மூன்றாண்டு எட்டரை மாதம் கழித்துத் தொடங்கியது. இச்சக்கரத்தைச் சுழற்றுபவர் எவரும் இல்லை. படைத்தவனின் திட்டமும் இல்லை, உலக ஆன்மாவின் சூழ்ச்சியும் இல்லை. இங்கே ஒரு பெருமையும் ஓர் ஆபத்தும் சேர்ந்தே இருக்கின்றன. முன்னேற்றத்தின் பெயரால் எவரையும் பலியிடச் சொல்லாதது பெருமை. 'காலம் கெட்டுவிட்டது, துஷம காலத்தில் இப்படித்தான் இருக்கும்' என்று பெருமூச்சு விட்டுக் கையைக் கட்டிக்கொள்ள இடம் தருவது ஆபத்து. எல்லாம் தாமாகவே மேலே செல்கின்றன என்பவனும் எல்லாம் தாமாகவே கீழே செல்கின்றன என்பவனும் தன் கடமையிலிருந்து தப்பிக்கிற வழி ஒன்றுதான்.

மேலை மரபிற்கும் சமண மரபிற்கும் இடையிலுள்ள ஆழமான வேறுபாட்டை, காலம் கோடா சக்கரமா என்பதில் தேடுவது வழக்கம். உண்மையில் அது வேறிடத்தில் இருக்கிறது. மக்களினங்களின் இன்பமும் அரசுகளின் அறிவும் தனிமனிதரின் நற்பண்பும் பலியிடப்படும் கொலைக்களமாக வரலாற்றைக் கண்டவர் ஹெகல். அவர் கல்நெஞ்சர் அல்லர். அந்தக் காட்சி அவரையும் துயருறச் செய்தது. ஆயினும் அத்தனை பலியும் எதற்காக என்று கேட்டு, இறுதி இலக்கிற்காக என்று விடையும் கண்டுவிட்டார். உலக வரலாற்றைத் தோளில் சுமக்கும் பெருவீரன் நடந்து செல்லும் வழியில் குற்றமற்ற மலர்கள் மிதிபடத்தான் செய்யும் என்பது அவர் கருத்து.

சமண முனிவர் நடக்கும் முறை இந்த அவைக்குத் தெரியும். நான்கு முழத் தொலைவு நிலத்தை நோக்கி, பகல் ஒளியில், எறும்புக்கும் ஊறு நேராதபடி அடி வைத்து நடப்பது ஈரியா சமிதி. அமரும் இடத்தை மயிற்பீலியால் வருடிவிட்டு அமர்வது அவர் ஒழுக்கம். எந்த உயிரும் இன்னோர் உயிரின் பயணத்திற்கு விறகு அன்று என்பதே அந்நடையின் பொருள். ஹெகலின் வீரன் அடிவானத்தைப் பார்த்து நடக்கிறான்; முனிவர் காலடியைப் பார்த்து நடக்கிறார். முன்னவனுக்கு வரலாறு உண்டு, பின்னவருக்கு இல்லை என்று சொல்லும் மெய்யியல், தான் எதை வரலாறு என்று அழைக்கிறது என்பதை அதிலேயே காட்டிக்கொடுத்துவிடுகிறது.

செஞ்சியை அடுத்த திருநாதர்குன்றில் பாறை மீது சிறிய கல்வெட்டு ஒன்று இருக்கிறது. தமிழகத்தின் தொன்மையான கல்வெட்டுகளுள் வைத்து எண்ணப்படுவது. சந்திரநந்தி என்னும் ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்த இடம் அது. எந்த மன்னனையும் அவர் வெல்லவில்லை. எவரும் அவரை வெல்லவும் இல்லை. நாள்களை எண்ணிக்கொண்டிருந்த யாரோ ஒருவர் அந்த எண்ணைக் கல்லில் வெட்டச் செய்தார். எடுத்தனூர் நடுகல்லும் திருநாதர்குன்று நிசீதிகையும் ஒரே தமிழ் நிலத்தின் இரு அறங்கள். ஒன்று மாடுகளைக் காக்கப் பொருது மாண்டவனுக்கு. மற்றொன்று எதையும் கொல்லாமல் தன்னையே அடக்கி மாண்டவருக்கு. ஒரு பெரும் இலக்கிற்குப் படிக்கல்லாக இருந்தார்கள் என்பதற்காக இவர்கள் நினைக்கப்படவில்லை. இருந்தார்கள், இவ்வாறு இறந்தார்கள் என்பதற்காகவே நினைக்கப்பட்டார்கள்.

மேலைநாட்டிலேயே இருபதாம் நூற்றாண்டின் பேரழிவுகளுக்குப் பின் மனமாற்றம் நிகழ்ந்தது. ஆக்ஸ்போர்டின் காலிங்வுட், வரலாறு என்பது முன்னோர் எண்ணியதை இன்றைய ஆய்வாளன் தன் உள்ளத்தில் மீண்டும் எண்ணிப் பார்ப்பது என்றார். அவர் மறைவுக்குப் பின் 1946இல் அந்நூல் வந்தது. வியன்னாவிலிருந்து வெளியேறிய கார்ல் பாப்பர், வரலாற்றுக்கு மாற்றவியலாத விதி உண்டு என்ற நம்பிக்கையையே கடுமையாகத் தாக்கினார். 1957இல் நூலாக வந்த அவ்வாய்வை, அந்த நம்பிக்கைக்குப் பலியான எண்ணற்ற மாந்தருக்கு அவர் காணிக்கையாக்கினார். பெர்லினில் ஹெகல் கேட்ட வினாவுக்கு அந்தக் காணிக்கைப் பக்கமே தக்க விடை.

ஆயினும் 'பின்தங்கிய' என்னும் சொல் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. ஒசூரின் ஆலைகள் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போடுகின்றன. அதைக் குறைத்துப் பேசுவது நன்றி மறப்பது. இந்த அவையிலும் அத்தொழில்களால் வாழ்வு பெற்றவர் பலர் இருப்பர். வினா அது அன்று. நிலம் கொடுத்தவனின் இழப்பு வளர்ச்சியின் விலை என்று கணக்கில் எழுதப்படும்போது, ஆற்றில் கழிவு கலப்பது தவிர்க்க முடியாத கட்டம் என்று சொல்லப்படும்போது, அங்கே பேசுவது பொருளியல் மட்டும் அன்று. மாளிகை கட்டியவர் அதில் குடியிருக்கமாட்டார் என்று காண்ட் கண்டு திகைத்த அதே புதிர் அது. திகைப்பு மட்டும் இப்போது போய்விட்டது.

கற்களின் கதியும் அப்படியே. கிருஷ்ணகிரியின் கருங்கல் மெருகேறிக் கடல் கடந்து செல்கிறது. எழுத்துள்ள கல்லுக்கும் எழுத்தில்லாத கல்லுக்கும் உளிக்கு வேறுபாடு தெரியாது. வயல் வரப்பில் சாய்ந்து கிடக்கும் நடுகல் துவைக்கும் கல்லாகிறது. சில இடங்களில் வேடியப்பனாக எண்ணெய் பூசப்பெற்று வழிபாட்டில் இருப்பதனாலேயே பிழைத்திருக்கிறது. சமணப் பள்ளி இருந்த இடங்களில் தலையற்ற தீர்த்தங்கரர் திருவுருவங்கள் வேறு பெயரில் பூசை பெறுவது தமிழகத்திற்குப் புதிதன்று. அவற்றைப் பெயர்த்தெடுத்துக் கொண்டுவர வேண்டும் என்று இவ்வுரை சொல்லவில்லை. வழிபடுவோரின் நயமும் ஒரு நயமே. எழுத்தைப் படியெடுத்து வைத்தால் போதும்.

அதற்குப் பெரும் பொருள் வேண்டியதில்லை. கல்லைத் தூரிகையால் துலக்கி நீர் தெளித்து, நனைந்த தாளை அதன் மேல் ஒட்டி, பொறிப்பின் குழிகளில் படியுமாறு தட்டித் தட்டி இறக்குவார்கள். தாள் ஓரளவு காய்ந்ததும் மை தோய்ந்த பஞ்சுப் பொதியை மெல்ல ஒற்றுவார்கள். தாள் கறுக்கும், குழிந்த இடம் மட்டும் வெள்ளையாக நிற்கும். முதலில் மன்னன் பெயர் தெரியும், பிறகு ஆட்சியாண்டு, அதன்பின் ஊர்ப்பெயர். இறந்தவன் பெயர் பெரும்பாலும் கடைசி வரிகளில்தான் வரும்.